பிரியாணி இல்லாத கல்யாணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நானும் ஒரு அம்மாவும் ஒரே பிரிவில் தைத்தோம். நெட்டையான, ஒல்லியான விதவை. தோல் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். சம்பளக் கவர் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்து முந்தானையில் தனியாக முடிந்துகொள்வார். "இது ஆண்டவருக்கு. மிச்சத்துலதான் நம்ம பொழப்பு" என்பார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வட்டிக்குப் பணம் தர ஆளிருந்தும் வேண்டாம் என்றுவிட்டார். சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும், வெளியே பந்தலில் எல்லோருக்கும் பன்னும் டீயும் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா டம்ளரைக் கையில் வாங்காமலே கேட்டார்: "இன்னாம்மா இது, ஆம்பூர்ல கல்யாணம், பிரியாணி இல்லியா?"

மணப்பெண் தலை குனிந்தாள். அவள் அம்மா குனியவில்லை.

"கடன் வாங்கிப் போட்டிருக்கலாம்ணா. நீங்க சாப்ட்டு போய்டுவீங்க. நான் வருஷக்கணக்கா வட்டி கட்டணும். அப்புறம் ஆண்டவருக்கா ஊழியம் பண்ணுவேன், கடன்காரனுக்குத்தான் பண்ணுவேன். இது நான் தெச்சு சம்பாரிச்சது. குடிங்க."

பெரியவர் டம்ளரை வாங்கி நிதானமாகக் குடித்தார். பிறகு, "இன்னொரு பன் இருக்குதாம்மா?" என்றார்.

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "அந்தம்மா எங்க செக்ஷன்" என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.