கன்னம் ஒட்டிய கேன்

பம்மலில் நான் ஆட்டோ இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்த காலம். சேலையூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடைக்குப் பதிலாக ஒரு மோட்டாரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவந்து பட்டறை வாசலில் இறக்கினார். அவர் வீட்டுக்காரரின் ஃபைபர் படகுக்குப் பின்னால் மாட்டுவது. பழசு. பெயின்ட் உரிந்து, உப்பு பூத்து, ஆனாலும் ஒரு திமிர் அதற்கு.

"ஒரே இருமல். ஆட்டோவ ஓட வெக்கிற, இத வெக்க மாட்டியா?"

கார்புரேட்டரைத் திறந்தேன். மண்ணெண்ணெய்க்கு அடியில் கடல் தண்ணீர் தனியாக நின்றது. சுத்தம் செய்து கொடுத்தேன். "எண்ணெய் கேனுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி போச்சுன்னா மோட்டார் காலி" என்று அதட்டியும் அனுப்பினேன். அதட்டுவதில் ஒரு சுகம், தெரிந்தவனுக்கு.

பத்து நாளில் மோட்டார் திரும்பி வந்தது. "கெளம்பறப்போ புலி. கால் மணி நேரத்துல பூனை" என்றார் கூடவே வந்த அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர். தண்ணீர் டிரம்மில் இறக்கி, என் கேனில் டியூபைச் செருகி ஓட்டினேன். அரை மணி நேரமும் புலிதான். பிளக், ஃபில்டர், கம்ப்ரஷன், எதிலும் குறையில்லை. கொண்டுபோனார்கள். மறுபடி வந்தது. டிரம்மில் மறுபடி புலி.

அடுத்த முறை அக்கா மோட்டார் இல்லாமல் வந்தார். உட்காரவில்லை.

"கூடப் போற ரெண்டு பேரும் திங்கக்கெழமைலர்ந்து வேற போட்டுக்குப் போறானுங்களாம். கடைசியா கரைக்கு வந்தா எவன் மீன் வாங்குவான்? அவரு ஒத்தையா வலை இழுப்பாரா? உன்னால ஆகலன்னா சொல்லிடு தம்பி, பேஜார் இன்னாத்துக்கு."

ஆகலன்னா. அந்த ஒரு சொல் காலில் முள்ளாய்க் கூடவே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மேடவாக்கம் தாண்டி, சோழிங்கநல்லூர் தாண்டி, அவர்கள் குப்பத்தில் நின்றேன். இன்ஜின் தெரிந்தவன், கடல் தெரியாதவன். படகில் ஏறி அலை தாண்டுவதற்குள் குடித்த காபி வெளியே வந்துவிட்டது.

"இன்னா மெக்கானிக்கு, உனுக்கே பவர் கம்மியா கீதே!" என்றார் விட்டுப் போகவிருந்த இருவரில் ஒருவர். மற்றவர் வலை மேல் சாய்ந்து சிரித்தார்.

மோட்டார் பாடியது. கரை ஒரு கோடானது. பிறகு, சொன்னபடியே, அதன் குரல் இறங்கியது. படகு தவழ ஆரம்பித்தது. அத்தனை நாளும் மோட்டாரையே முறைத்துக்கொண்டிருந்தவன், அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கேன் கன்னம் ஒட்டிக் கிடந்தது. மூடிமேல் மீன் கட்டும் பாலிதீன் கவர், நாலு மடிப்பு, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தது. காற்று போவதற்கென்று மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை அதற்கடியில் மூச்சடைத்துக் கிடந்தது. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. கேன் எண்ணெயை விடமாட்டேன் என்கிறது, மோட்டார் பட்டினி.

"இத யாருண்ணே கட்னது?"

"அவதான். ஒரு சொட்டு போவக்கூடாதுன்னியே. தெனமும் அவளே கட்டித்தான் அனுப்பறா."

பட்டறையில் நான் செருகிய கேனுக்கோ மூடியே கிடையாது. அங்கே எப்படித் தெரியும்?

ரப்பரை அறுத்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டொக்கென்று கேன் நிமிர்ந்தது. எண்ணெயை மோட்டாருக்கு ஏற்ற, டியூபின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையை நாலு முறை பிசைந்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. என் குமட்டல் போன இடம் தெரியவில்லை. சிரித்தவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் சொன்னதும் அக்காவின் முகம் வாடியது. "அப்போ நானா கெடுத்தேன்?"

"நான்தான்க்கா. தண்ணி போவக்கூடாதுன்னேன். காத்து போவணும்னு சொல்லல."

அன்று மதியமே பட்டறையில் ஒரு மெல்லிய செம்புக் குழாயைக் குடைப்பிடி போல வளைத்து, வாய் கீழே பார்க்க ஒரு தகர மூடியில் பற்றவைத்தேன். தண்ணீருக்கு வழியில்லை, காற்றுக்கு உண்டு. சாயங்காலமே கொண்டுபோய் கேனில் திருகிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அக்கா தெருவுக்குள் வந்தபோதே குரல் வேறாக இருந்தது. "இன்னிக்கி கரைக்கு வந்த மொதல் போட்டு நம்ம போட்டு!"

"அந்த ரெண்டு பேரு?"

"எங்க போவானுங்க? மோட்டாரத் தொடைச்சினுகீறானுங்க."

ரெண்டு மாதம் கழித்துப் போனேன். கரையில் வரிசையாகப் படகுகள். கேன்களில் எண்ணிப் பார்த்தால் பதினொரு குடைப்பிடிகள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செய்முறை சொன்னது அக்காவாம்.