நெஞ்சுக்கு மேல் பாவாடை

கொட்டகலைக்கு மேலே இருக்கிற முதியோர் இல்லத்தில், வயதான பெண்களைக் குளிப்பாட்டுவது என் வேலை. காலையில் ஒன்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, உடுப்பைக் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

புதிதாக வந்த ஒரு பெரியம்மா மட்டும் கழற்ற விடவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்த கை, பிடித்தால் விடாது. ஒருநாள் என் கையைக் கடித்துவிட்டார். இல்லத்துக்குப் பொறுப்பான மேட்ரன், தன் குறிப்புப் புத்தகத்தில் 'முரட்டுத்தனம்' என்று எழுதினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அவரை மனநோயாளர் வார்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மேட்ரனின் அறைவாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது.

மறுநாள் பெரியம்மா நாற்காலிக்கு முன்னால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன்.

"ஏன்டி, நீ வீட்டுல இப்படித்தான் குளிக்கிறியா?" என்றார்.

தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிற பீலியில், பாவாடையை நெஞ்சுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு குளிக்கிறவள் நான். என் அம்மாவும் அப்படித்தான். அதற்குள்ளேயே சவர்க்காரம் போட்டு, காய்ந்த பாவாடையைத் தலைவழியே போட்ட பிறகுதான் ஈரப் பாவாடையை நழுவ விடுவோம். அது தெரிந்தும் மூன்று வருடமாக எத்தனை பேரை உரித்து உட்கார வைத்திருக்கிறேன்.

ஓடிப்போய் ஒரு பழைய பாவாடையைக் கொண்டுவந்தேன். பெரியம்மா அதை வாங்கித் தலைவழியே போட்டு, நாடாவை நெஞ்சில் இறுக்கி, சேலையை உள்ளிருந்து உருவிப் போட்டார். பிறகு தானாகவே உட்கார்ந்து, முதுகை அழுத்தித் தேய்க்கச் சொன்னார்.

மேட்ரன் வாசலில் நின்று பார்த்தார். ஈரப் பாவாடையை யார் துவைப்பது என்று கேட்டார். நானே துவைக்கிறேன் என்றேன். சரி, இவர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. அடுத்து வந்தவர் ஒருநாளும் சத்தம் போடாதவர். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, நான் கழற்றுவதற்காக இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒங்களுக்கும் பாவாடை வேணுங்களா?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "கேக்கலாம்னு யாரும் சொல்லலியேம்மா."

அவரை அவசரமாகத் துவாயால் போர்த்தினேன். அவருக்கும், வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற ஏழு பேருக்கும் பாவாடை தேடி அலமாரிப் பக்கம் ஓடினேன்.