விழத் தெரிந்தவள்

சிரிக்கவைக்கும் வரம் தலைமுறைக்கு ஒருவருக்கே வாய்க்கும் என்று எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. யாழ்ப்பாணத்து மேடைகளில் அப்பப்பாவுக்கு இருந்தது, லண்டனில் அப்பாவுக்கு வந்தது. அடுத்தது எனக்கா, தங்கை வதனிக்கா?

இன்று ஈஸ்ட் ஹாம் கடையொன்றில் முகப்பவுடர் மணத்தவுடன், அதைப் பூசி மேடையேறிய எண்பதுகளின் ஞாயிற்றுக்கிழமைகளும், வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தின் மெழுகுத் தரையும், பாட்டுக்கும் மாயவித்தைக்கும் இடையே சனத்தைச் சிரிக்கவைக்க அப்பா நடத்திய பகிடி நாடகங்களும், அவற்றில் நாங்கள் மாறி மாறி நாற்காலியிலிருந்து விழுந்ததும் நினைவில் எழுந்தன. வதனி விழுந்தால் மண்டபம் சிரிப்பில் அதிரும். நான் விழுந்தால் முன்வரிசை மாமிமார், “ஐயோ, பிள்ளைக்கு அடிபட்டிட்டுது!” என்று ஓடி வருவார்கள்.

“நீ விழுந்தால் சனம் அழப் பாக்குது, பிள்ளை,” என்றார் அப்பா. “இனி நீ திரையைப் பிடி.”

திரைக்குப் பின்னால் நின்றபடி, வதனிக்கு உண்மையிலேயே அடிபட வேண்டுமென்று ஒவ்வொரு வாரமும் வேண்டிக்கொண்டேன். ஒரு ஞாயிறு விழுந்ததில் அவள் முழங்கை முறிந்தது. அதுவும் நடிப்பென்று நினைத்துச் சபை என்றுமில்லாதபடி சிரித்தது. அவள் அழுவது அருகில் நின்ற எனக்கு மட்டுமே தெரிந்தது. அப்போதும் அந்தச் சிரிப்பின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. திரையை மெதுவாகத்தான் இழுத்து மூடினேன்.

மண்டபத்தை இடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை. வதனியும் நானும் இருக்கிறோம்; திரையை ஏன் மெதுவாக இழுத்தேன் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.