மாட்டுக்குக் கட்டும் கட்டை

எங்கள் வீடு மதுரை சாலையில், சின்னாளப்பட்டிக்குத் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஊரும் இல்லை, காடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். பின்வாசலைத் திறந்தால் கடலைக்காடு, அதைத் தாண்டித் தென்னை, அதற்கும் அப்பால் சிறுமலை. கடலை போட்டிருக்கும் மாதங்களில் மயில்கள் தங்கள் அப்பன் வீட்டு நிலம் மாதிரி வந்து இறங்கும். பக்கத்துக் காட்டு அக்கா ஆடும் கோழியும் வைத்திருக்கிறார். விரட்டுகிற புத்தி உள்ள ஒரு நாயைக் கொண்டுவந்து வைக்க இந்த வட்டாரத்திலேயே இதைவிட மோசமான இடம் கிடையாது. ஆனாலும் கொண்டுவந்தேன். யார் சொல்லியும் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

பைபாஸ் ஓரத்து டீக்கடையில்தான் அதைப் பார்த்தோம். காக்கர் ஸ்பேனியல், பொட்டை. நீளமான காது இரண்டும் சிக்குப் பிடித்து, சாக்குத் துண்டு போலத் தொங்கின. வாலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். யாரோ காரில் வந்து இறக்கிவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். அடிவயிற்றில் காம்புகள் தளர்ந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. குட்டி போடவைத்து விற்றிருக்கிறார்கள். இனி போடாது என்று ஆனதும் ரோட்டில் விட்டிருக்கிறார்கள்.

"வேணாம் புள்ள. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் என்ன வேட்டியா கட்டிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கி வேனில், காலி முருங்கைக்காய்ச் சாக்குகளுக்கு நடுவில் வைத்தேன். வீடு வரும்வரை அது என் கையை நக்கிக்கொண்டே வந்தது. 'நம்மை விட்டுப் போனவர்களும் மனுஷர்கள்தானே, இவளை எப்படி நம்புகிறது' என்று அதற்குத் தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றியது.

வீட்டில் அதைக் குட்டி என்று கூப்பிட்டோம். சாந்தமான பிராணி. நான் தைக்கும்போது மெஷினுக்கு அடியில் படுத்து, மிதிக்கிற காலின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஏதாவது ஓடினாலோ பறந்தாலோ அவ்வளவுதான். அணில், கோழி, மயில், ஸ்கூட்டரில் போகிறவளின் துப்பட்டா, காற்றில் போகிற பால் கவர், எதுவானாலும் சரி. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் வரும். அப்புறம் காதுகள் இரண்டும் பின்னால் பறக்கப் பாய்ந்துவிடும். கூப்பிட்டால் கேட்காது. கேட்காமல் இருப்பது திமிர் இல்லை. அந்த நேரத்தில் அதற்குக் காதே இருக்காது. அது ஓடுகிற அழகைப் பார்த்து, திட்ட வாயெடுத்த நான் திட்டாமல் நின்ற நாட்கள் உண்டு.

போனில் வீடியோ பார்த்துப் பழக்க ஆரம்பித்தேன். ஸ்கூல் பை வார்ப்பட்டையை வெட்டி மார்புக்குக் குறுக்கே வருகிற மாதிரி ஒரு பட்டை தைத்தேன். அதில் நீளமான நைலான் கயிறு. கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்து, துணுக்குத் துணுக்காக நறுக்கி இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் கட்டிக்கொள்வேன். காலையில் காட்டோரம் கூட்டிப்போவேன். கோழி தெரிந்ததும் உடம்பு நடுங்கத் தொடங்கும். அது பாய்வதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பி என் முகத்தைப் பார்த்தால் ஈரல். பாய்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லக்கூடாது, கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. கோபப்படவே கூடாது என்று அந்த வீடியோவில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளுக்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து "கை டைட்டா இருக்குக்கா" என்று நிற்கிற கஸ்டமர் யாரும் இல்லை போலும்.

"நாய் வாலை நிமித்தப் போறியாக்கும்" என்று பக்கத்துக் காட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்.

"நிமித்த வாலே இல்லக்கா இதுக்கு" என்பேன்.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்காது. ஆனால் அது பழகியது. மெதுவாகத்தான், இருந்தாலும் பழகியது. ஒரு நாள் காலையில் சேவல் ஒன்று சிறகடித்துக்கொண்டு குறுக்கே ஓடியது. கயிறு தரையில் கிடந்தது, என் கையில் இல்லை. நான் கூப்பிட்டேன். அது நடுங்கிக்கொண்டே நின்று, சேவலைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பவும் சேவலைப் பார்த்து, பிறகு என்னிடம் வந்தது. பையில் இருந்த ஈரல் அத்தனையையும் அங்கேயே கொட்டினேன். அன்று முழுக்க வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியே விட்டிருந்தால் போதும். இன்னும் கொஞ்ச மாதம் போயிருந்தால் சரியாகியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

தையல்காரிக்குத் தீபாவளி என்றால் என்ன என்று தையல்காரியைக் கட்டியவருக்குத்தான் தெரியும். மெஷின் மேலேயே சாப்பாடு, சோறு உண்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. காலை நடை நின்றது, ஈரல் நின்றது. அதன் முடியைச் சீவிவிடுவதும் நின்றது. தினமும் ஓடிப் பழகிய நாயைக் கொல்லையில் அடைத்தால் அது என்ன செய்யும்? ஒரு மத்தியானம் முள்வேலியில் ஒரு சந்து கண்டுபிடித்து வெளியே போய்விட்டது. அக்காவின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று சினையாடு. நாய் கடிக்கவில்லை. அதன் வாயில் ஆட்டின் ஒரு முடிகூட இல்லை. விரட்டியது, அவ்வளவுதான். பயந்து ஓடிய ஆடு கிணற்றுமேட்டுக் கல்லில் மோதி விழுந்தது. சாயங்காலம் ஆட்டின் வயிற்றிலிருந்த குட்டிகள் இரண்டும் செத்து விழுந்தன.

மறுநாள் அக்கா வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நான் ஒன்னும் சொல்லலத்தா. வாயில்லா சீவன். ஆனா எங்க வீட்டு ஆளு கோவத்துல இருக்காரு. இன்னொரு தடவ ஆட்டுப் பக்கம் வந்துச்சுன்னா சோத்துல மருந்து கலந்து வச்சிருவேங்குறாரு. செய்யிற ஆளுதான். அதான் முன்கூட்டியே சொல்லிட்டுப் போறேன்."

ஆட்டுக்கு ஆன நட்டத்தைக் கொடுக்கிறேன் என்றதற்கு, "அதை அப்புறம் பாப்போம், மொதல்ல நாயைப் பாரு" என்றார். வேலியைச் சரிசெய்திருக்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளி முடிகிறவரை அதை என் காலடியிலேயே கட்டிப் போட்டிருக்கலாம். வந்து போகிறவர்கள் பட்டுத்துணி மேல் முடி ஒட்டுகிறது என்று முகம் சுளித்தார்கள். எனக்கு உடனே ஒரு வழி வேண்டும், அதுவும் என் நேரத்தைத் தின்னாத வழி. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை.

அக்கா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் ஒரு கட்டை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வேலி தாண்டி ஓடுகிற மாட்டுக்குக் கழுத்திலிருந்து ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். நடந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் முன்னங்கால் முட்டியில் வந்து அடிக்கும். இரண்டு நாளில் மாடு ஓடுவதை விட்டுவிடும். நான்தான் போய்க் கேட்டேன். அக்கா தானாகத் தரவில்லை, நான் வாங்கினேன்.

"அது மாட்டுக்குக் கட்டுறதுத்தா" என்றார் அக்கா, கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

"பாதியா அறுத்துக்குறேங்க்கா."

வீட்டுக்காரர் அறுத்துக் கொடுத்தார். கழுத்துப்பட்டையை நான் தைத்தேன். கழுத்தை உரசக்கூடாது என்று கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டை உள்பக்கம் வைத்து, பஞ்சு கொடுத்து, இரட்டைத் தையல் போட்டேன். தைக்கும்போது எனக்குள் ஒரு பெருமை. எப்படிப்பட்ட நல்லவள் பாருங்கள், கட்டைக்குக்கூட வெல்வெட் வைக்கிறாள். இன்றைக்கு நினைத்தால் வாயில் உமிழ்நீர் கசக்கிறது.

முதல் நாள் அது ஓட முயன்று, முட்டியில் அடிவாங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள், வந்து கேள் என்பது போல. நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

கொல்லை சிமெண்டுத் தரை. அது நடந்தால் கட்டை தரையில் இடித்து டொக் டொக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். டொக் டொக் கேட்டால், நாய் கொல்லையில்தான் இருக்கிறது, வெளியே போகவில்லை, எவனும் மருந்து வைக்க முடியாது. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. நிம்மதியாகக் கொக்கி வைத்துத் தைத்தேன். சில நாள் போனதும் சத்தம் குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றது. அடங்கிவிட்டது, பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சோறு வைக்கப் போகும்போது படுத்தே இருக்கும், கண்ணை மட்டும் தூக்கிப் பார்க்கும். தட்டை அதன் மூக்குக்கு முன்னால் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

தீபாவளி முடிந்த மறுநாள்தான் கொல்லையில் செத்த நேரம் உட்கார்ந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது படுத்திருந்தது. அணில் ஒன்று இறங்கி வந்து அதன் தட்டிலிருந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரம்தான். அணிலைப் பார்த்தால் மரத்தில் ஏறப் போகிற நாய், தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டது.

பக்கத்தில் போய்க் காலைத் தொட்டேன். ஸ்பேனியலுக்குக் காலில் நீள நீளமாக முடி தொங்கும். சீவாமல் விட்டதில் அது சடையாகி எல்லாவற்றையும் மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தால் இரண்டு முட்டியும் வீங்கி, தோல் கிழிந்து, சீழ் வைத்திருந்தது. அது முனகக்கூட இல்லை. என் கையை நக்கியது.

வெல்வெட் பட்டையைக் கத்தரியால் வெட்டினேன். கட்டையைத் தூக்கிக் கடலைக்காட்டில் எறிந்தேன். நாயை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கம்பவுண்டர் கட்டுப் போடப் போட நான் அழுதேன். "எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். வேலியில் மாட்டிக்கொண்டது என்றேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, காயம் ஆறிவிடும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடி ஆறிவிட்டது.

வேலியை அடைத்தோம். அதற்குத் தேவையே இருக்கவில்லை. இப்போது கதவு திறந்து கிடந்தாலும் அது போவதில்லை. அக்காவின் வீட்டு ஆள் ஒரு நாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வாசல் வழியாகவே போனார். அது படியில் படுத்தபடி இருந்தது. "நல்லா பழக்கிப்புட்டியே ஆத்தா" என்று மெச்சினார். மருந்து வைக்கிறேன் என்றவர் பிஸ்கட் போட்டுவிட்டுப் போனார். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண், அவள் வீட்டு நாய் கோழியைத் துரத்துகிறது என்றும், நான் எப்படிப் பழக்கினேன் என்றும் கேட்டாள். ஈரல் போட்டுத்தான் என்றேன். அது முழுப் பொய்கூட இல்லை, அதுதான் இன்னும் கேவலம். பழைய மாதிரி மெஷினுக்கு அடியில் வந்து படுக்கிறது. தாடையை மட்டும் என் காலில் வைப்பதில்லை.

போன வாரம் கடலை பிடுங்கி முடித்த காட்டுக்கு அதைக் கூட்டிப்போனேன். கிட்டத்தில் ஆடு இல்லை, கோழி இல்லை. மயில்கள் மட்டும் சிந்திய கடலையைக் கொத்திக்கொண்டிருந்தன. கயிற்றை அவிழ்த்துவிட்டு, என் கையாலேயே அவற்றின் பக்கம் ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தேன். மயில்கள் படபடவென்று எழும்பின. அது உட்கார்ந்துவிட்டது.

"போடி, போ" என்றேன். போகவில்லை. ஒரு பறவையையாவது அது விரட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஓடினேன். மூட்டு வலிக்காரி, எடையும் குறைச்சல் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு, "வா, என்னைப் பிடி வா" என்று கத்திக்கொண்டு, காட்டின் மறுகோடி வரைக்கும் ஓடினேன்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"ஏத்தா, என்னத்தை வெரட்டிக்கிட்டு ஓடுற?"

எனக்கு மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தேன். வெகு தொலைவிலிருந்து அது என்னிடம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் மெஷின் மேல் குனிந்தே கிடந்து, வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து பழகிய நான், அது எதிரே வருவதைக் காயம் ஆறிய பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். ஓடவில்லை, நடந்துதான் வந்தது. முன்னங்கால் இரண்டையும் அகட்டி அகட்டி வைத்து, நடுவில் கட்டைக்கு இடம் விட்டு நடந்து வந்தது.