சித்திக்குக் கிடைக்காத மென்பொருள்

என் சித்தி வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவள். படுக்கையறையில் பாதிதான் அவளுடைய அலுவலகம். ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், மூலையில் சுருட்டி நிறுத்திய காகிதங்கள். "ஊருக்கெல்லாம் ரூம் வரையுறா, தனக்கு ஒண்ணு வரைஞ்சுக்கலை" என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பழைய வரைபடங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் சித்தி பதறவில்லை. புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினாள். அதே வாரம் மாமா போன் செய்தார். மாமா சித்திக்கு அண்ணன். அவர் வீட்டையும் அவள்தான் வரைந்திருந்தாள்.

"பாத்ரூம் சுவர இடிச்சு ஒரு கதவு வைக்கப் போறேன். தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு உன் ப்ளான்ல பாத்துச் சொல்லேன்."

"இதென்ன பெரிய விஷயம்? ரெண்டு நிமிஷம் இரு."

அவள் வரையும் மென்பொருள் பழைய சிடியில் இருந்தது; புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. மென்பொருளை அதற்கென்று இருக்கும் ஆன்லைன் கடையில்தான் வாங்க வேண்டுமாம். வாங்கப் போனால், 'இது உங்கள் நாட்டில் கிடைக்காது' என்றது திரை. வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன் எப்போதோ திறந்து கொடுத்த கணக்கு அது.

"நான் எந்த நாட்டுல இருக்கேன்னு இதுக்கு யாரு சொன்னது? என் வீட்டுக் கட்டில்லதானே உக்காந்திருக்கேன்!" என்று எனக்குப் போன் செய்தாள்.

கம்ப்யூட்டர் விஷயமென்றால் எங்கள் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். நாட்டை மாற்றினோம். கார்டை ஏற்கவில்லை. சித்தப்பாவின் கார்டைப் போட்டோம். வாங்கியாயிற்று என்று வந்தது. திறந்தால் வரைய ஒரு கோடுகூட இல்லை. விதவிதமாகச் சோபாக்கள் வந்து நின்றன. அதே பெயரில் வேறு யாரோ விற்கும் விளையாட்டுச் சாமான்.

"எனக்குச் சோபா வேண்டாம்டி, சுவர் வேணும்!"

புகார் எழுதினோம். 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்று உடனே பதில் வந்தது. அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. தேடித் தேடிச் சரியானதை வாங்கினோம். அது சித்தியின் வரைபடங்கள் மிகப் பழைய பதிப்பில் இருப்பதாகச் சொல்லிக் கையை விரித்தது. அந்தப் பழைய பதிப்பைக் கடையிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

சித்தி லேப்டாப்பை மூடினாள். "டிஸ்க் அண்ணன் இருந்தா இப்படி விட்டிருப்பாரா?" என்றாள்.

அப்போதுதான் அவரைப் பற்றிச் சொன்னாள். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சாமான் விற்றவர். அவரிடம்தான் முதல் மென்பொருளை வாங்கினாள். பெட்டி கனமாக இருக்குமாம். உள்ளே தலையணை மாதிரி ஒரு புத்தகம். பெட்டியைக் கொடுத்ததோடு அவர் கை கழுவவில்லை. வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து, அவள் ஓர் அறை வரைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வரைந்து முடித்துப் பெருமையாகத் திரும்பினால், "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா உள்ள எப்படிப் போறது?" என்றாராம். கதவு வைக்க மறந்திருக்கிறாள். அதற்கப்புறம் எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த மாடிப்படியை ஏறினால் போதும், ஆள் இருப்பார்.

"இப்பவும் இருக்காரான்னு போய்ப் பாத்தா என்ன?" என்றேன்.

மறுநாள் போனோம். கடை இருந்தது. முன்னால் போன் கவர்களும் சார்ஜர்களும் தொங்கின. அவருடைய மருமகள் வியாபாரம் பார்த்தாள். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, கதவு இல்லாத வீடு!"

சித்தி வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பதிப்பு இன்னும் உயிரோடிருந்தது. பென் டிரைவைச் செருகினார். மாமா வீட்டைத் தேடப்போய், வழியில் தட்டுப்பட்ட வீட்டையெல்லாம் திறந்து திறந்து பார்த்தார்கள். சண்டையில் நடுவே சுவர் கேட்டுவிட்டு, சமாதானமானதும் அந்தச் சுவரிலேயே கதவு கேட்ட அண்ணன் தம்பி. கணவர் வேலை முடிந்து வரும் தெருமுனை தெரியவேண்டும் என்பதற்காகவே சமையலறை ஜன்னலை மூன்று முறை நகர்த்தச் சொன்ன பெண். "இந்தம்மா இப்ப மகன்கூட இருக்காங்க" என்றாள் சித்தி.

மாமா வீடு வந்தது. முன்னறையில், ஜன்னலை விட்டுத் தள்ளி, சின்னதாக ஒரு சதுரம். பக்கத்தில் 'அப்பா நாற்காலி' என்று எழுதியிருந்தது. யாரும் ப்ளானில் நாற்காலியைக் காட்டுவதில்லை. தாத்தாவுக்குக் கண்ணில் வெயில் படக்கூடாது என்று அவள் இடம் பார்த்து வைத்தது. வீடு முடியும்போது அவர் இல்லை. சித்தி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்க் அண்ணன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு மாமாவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, குழாய் இடது பக்கம் போகுது."

"தெரியும்மா. காலையிலயே கொத்தனார் அதை ஒடைச்சுட்டார். வீடு பூரா தண்ணி. உங்க அண்ணி கட்டில்மேல ஏறி உக்காந்திருக்கா."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். "அதை எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு" என்றார் மாமா.

இப்போது புது வேலைகளைப் புதிய மென்பொருளில்தான் வரைகிறாள், திட்டிக்கொண்டே. பழைய வீடுகளை டிஸ்க் அண்ணன் சிறுகச் சிறுகப் பிரிண்ட் எடுத்துத் தருகிறார். வாங்கி வரப் போகும்போது சித்தப்பாவும் கூடப் போகிறார். அவருக்கு அங்கே சீட்டாட ஆள் கிடைத்துவிட்டது.