பலகை மூலையில் ஒரு சுழி

யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், பபேடான் பேட்டையில் இருக்கிற எங்கள் தெருவுக்கு இதுவரை எத்தனை பெயர் வைத்தார்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் ஏதோ ஒரு துரையின் பெயரை வைத்தான். ஜப்பான்காரன் வந்து அதை அழித்தான். அவன் ஓடிப்போனதும் துரை திரும்பி வந்து கொஞ்ச நாள் பலகையில் குந்தியிருந்தார். சுதந்திரம் வந்ததும் பர்மிய வீரர் ஒருவர் ஏறினார். பிறகு பட்டாளம், பிறகு வேறு சட்டை போட்ட பட்டாளம், நடுவில் கொஞ்ச காலம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள், இப்போது மறுபடியும் பட்டாளம். ஆளுகிறவன் மாறினால் முதலில் மாறுவது பலகைதான். அரிசி விலை அப்புறம் மாறும், அதுவும் மேல்நோக்கித்தான்.

இத்தனை பலகைகளையும் எழுதியது எங்கள் குடும்பம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்குக் கப்பலேறி வந்த பூட்டன் துரைக்கு எழுதினார். தாத்தா ஜப்பான்காரனுக்கு எழுதினார், அவனை விரட்டியவர்களுக்கும் எழுதினார். அப்பா பட்டாளத்துக்கு எழுதினார். "ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன, போர்டு எழுத ஆள் வேணும்ல" என்பது அப்பாவின் வேதவாக்கு. அரசாங்கம் ஆட்டம் கண்டால் ஊரே அரிசிக்கடைக்கு ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா எனாமல் டப்பாக்களைத் துடைத்து அடுக்குவாள். சொல்லக் கேட்கையில் எனக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது. ஆட்சி கவிழ்ந்தால் ஆட்டுக்கறி என்று நினைத்திருந்தேன்.

யார் பலகையானாலும் தொடங்குவதற்கு முன் இடது மூலையில் மிளகு அளவுக்கு ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் முதல் எழுத்து. பூட்டன் காலத்துப் பழக்கம். பர்மிய எழுத்துகளே வட்டமும் சுழியுமாக இருப்பதால் யாருக்கும் உறுத்தாது. பாதி எழுதி விட்ட எழுத்து என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டாளத்தின் எத்தனையோ முழக்கங்களின் ஓரத்தில் எங்கள் பிள்ளையார் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அது என்ன சுழி என்று கேட்ட ஒரே பர்மியர் எங்கள் வார்டுத் தலைவர். நாங்கள் அவரை ஊலே என்போம், பர்மிய பாஷையில் மாமா மாதிரி. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அம்மாவின் உளுந்து வடையை ஒரு கை பார்ப்பார். அப்பா அவருக்குப் பிள்ளையார் கதையைச் சொன்னார். ஊலேக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மகள் கல்யாணப் பலகைக்குச் சுழியைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முதல் குழந்தை பிறந்தபோது உங்கள் யானைச் சாமி கொடுத்தது என்று வாழைப்பழச் சீப்போடு வந்தார்.

அப்பாவோடு கடையில் இருந்தவர் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், தலையில் எப்போதும் எண்ணெய் மினுங்கும், நோகாமல் நுங்கு தின்கிற ஆசாமி. அப்பா முதுகு ஒடிய எழுதுவார். சித்தப்பா பலகையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, "நாந்தான் எழுதுனேன்" என்று இரண்டு பேட்டை தள்ளி லான்மடாவ் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். பக்கத்துப் பேட்டையான லத்தாவில் ஒரு துணிக்கடைப் பெண்ணிடமும் இதையே சொல்லிவைத்திருந்தாராம். அப்பா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எட்டு வயதில் என் உலகத்தில் பெரிய கலைஞன் என் அப்பா. அவர் பெயரை ஒருவன் திருடுவதா?

அந்த வருஷம், எண்பத்தெட்டில், மழைக்காலத்தில் பட்டாளத்து ஆட்சி போக வேண்டும் என்று தெருவெல்லாம் ஜனம். மாணவர்கள், செவிலிகள், புத்த பிக்குகள், துறைமுகத்துக் கூலிகள் என்று ஒருவர் மிச்சமில்லை. ஒரு நாள் காலையில் கல்லூரிப் பையன்கள் சிலர் நீளமான வெள்ளைத் துணியோடு கடைக்கு வந்தார்கள். ராமன் ராவணன் என்று ஏதாவது சொல்லி அப்பா அவர்களை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துணியைத் தரையில் விரிக்கச் சொன்னார். வேண்டாம் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சித்தப்பா ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையில் உட்கார, அப்பா சிவப்புச் சாயத்தில் எழுதினார். யாரும் ஏவாமல் அப்பா எழுதிய ஒரே எழுத்து அதுதான். எழுதும்போது என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பாடி நான் கேட்டதில்லை. கை பழக்கத்தில், துணியின் மூலையில் முதலில் சுழியும் விழுந்திருந்தது.

பிறகு பட்டாளம் திரும்பி வந்தது. தெருவில் என்ன நடந்தது என்று என்னைப் பார்க்கவிடவில்லை. சன்னலை அடைத்து, அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தாள். சத்தம் மட்டும் கேட்டது. அது ஓய்ந்த சில நாட்களிலேயே ஊலே கடைக்கு வந்து, புது ஆட்சியின் முழக்கத்தைச் சிவப்புப் பலகையில் வெள்ளையாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் வடை கேட்கவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது கூட இரண்டு பேர் இருந்தார்கள். மத்தியான நேரம். ஒருவன் கையிலிருந்த மூட்டையைப் பிரித்தான். அப்பா எழுதிய துணி, சேறும் கிழிசலுமாக. சேறு என்றுதான் அப்போது நினைத்தேன். ஊலே குனிந்து அதன் இடது மூலையைத் தேடி எடுத்து, எங்களுக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தார். ஊரில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், சுழியின் கதை தெரியாத எவனாலும் யார் கை என்று கண்டுபிடித்திருக்க முடியாது. தின்ற வடைக்கு நன்றி இதுதான்.

"ஸயா, இது ஒங்க வீட்டு யானைச் சாமிதானே?" என்று கேட்டார். ஸயா என்றால் வாத்தியார். அன்றைக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. அண்ணனா தம்பியா, எழுதியது யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

அப்பா கையில் பிரஷ் இருந்தது. அவர் எதிரில் பாதி எழுதிய சிவப்புப் பலகை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், வழக்கமான அதே குரலில், டீக்கடையில் சொல்வது போலவே, சித்தப்பா சொன்னார்:

"நாந்தான் எழுதுனேன், ஊலே. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. இதையுமா? துணியின் முனையைப் பிடித்ததைத் தவிர இந்த மனுஷன் என்ன செய்தார்? "பொய்! அப்பாதான்..." என்று தொடங்கினேன். பின்னாலிருந்து அம்மாவின் கை என் வாயை அறைந்து மூடியது. கையில் வெங்காய வாசனை. மூச்சுவிட முடியாமல் திமிறினேன். அவள் விடவில்லை. நான் பேசியது தமிழ். வந்த இருவருக்கும் புரியவில்லை. ஊலேக்கு எங்கள் தமிழ் நன்றாகவே புரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு ஆள் இருந்தால் போதும் போல.

சித்தப்பா மாற்று லுங்கி ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினார். போகிற போக்கில் என் தலையைத் தொட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னம்மா, கோவமா?" என்று சிரித்தார்.

வாசலில் நின்று ஊலே, பலகை நாளைக்கு வேண்டும் என்று அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினார். அப்பா "சரி" என்றார்.

சித்தப்பா திரும்பி வரவில்லை. அப்பா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அப்படி ஒருவரை நாங்கள் கூட்டிவரவே இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். லத்தாவிலிருந்து அந்தத் துணிக்கடைப் பெண் ஒருமுறை வந்து, அம்மாவோடு அடுப்பங்கரையில் அழுதுவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் புதிதாக மாறின. அப்பாவுக்கு மூச்சுமுட்ட வேலை. எல்லாவற்றையும் எழுதினார். எதிலும் சுழி போடவில்லை. ஊலே அதைக் கவனித்தாரா, தெரியாது. கடைசி வரைக்கும் ஸயா என்றுதான் கூப்பிட்டார்.

அன்றைக்கு என் கவலையெல்லாம் வேறு. அவர்கள் போனபின், அப்பா சிவப்புப் பலகைக்கு முன் உட்கார்ந்து மறுபடி பிரஷைத் தோய்த்தார். ஒரு வட்டம் கோணிப்போயிற்று. அதைத் துடைத்துவிட்டு மீண்டும் எழுதினார். சொந்தத் தம்பி கண்முன்னே தன் எழுத்தைத் திருடிக்கொண்டு போகிறான், ஒரு வார்த்தை பேசாமல் விட்டுக்கொடுத்துவிட்டாரே, இப்படி ஒரு பெருந்தன்மை யாருக்கு வரும் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அருகில் போய் அவர் முதுகில் கன்னத்தை வைத்து, "நீங்கதான் எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்று ஆறுதல் சொன்னேன்.