ஊர் அவரைத்தான் பியானோ சார் என்றது

எங்கள் பள்ளிக்கூட ஹாலில் இருந்த பியானோவின் நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழாது. உள்ளே போனது போனதுதான். நகத்தால் நிமிண்டி மேலே இழுக்க வேண்டும், இழுத்தாலும் ஓசை வராது. அங்கே இசை ஆசிரியனாகப் பதினாறு வருடங்கள் நான் அந்தக் கட்டையைத் தொடாமல் வாசித்தேன். அதைத் தாண்டிப் போவதற்கென்றே என் பாட்டுகளைச் சுருதி மாற்றி எழுதினேன். பழுது பார்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு வருடந்தோறும் கடிதம் கொடுத்தேன். அவரோ முதல் நாளே அதை வைத்து ஹாலைச் சிரிக்க வைத்தார். பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். குனிந்து, சாத்தியிருக்கும் கதவைத் தட்டுவதுபோல அந்தக் கட்டையை இரண்டு முறை தட்டி, “சார் உள்ள இருக்காங்களா?” என்று பணிவாகக் கேட்டார். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, “வெளிய போயிருக்காங்களாம். நாம பாடுவோம்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அதே பள்ளியில் நூலகராக இருந்த என் மனைவி அப்போது ஹால் வாசலில் நின்றிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் அவள் அப்படித் தோள் குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் எங்கள் விருத்தாசலத்தில் செராமிக் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். டீ கப்பும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற சின்ன யூனிட். மகள் எங்கள் பள்ளியில் ஆறாவது படித்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்து, “ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கலாங்களா சார்?” என்று என்னிடம் கேட்டார். நான்தான் சரி என்றேன். அந்தச் சரியை எத்தனையோ நாள் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் வர ஆரம்பித்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் கூடினார்கள், பிறகு ஆசிரியர்கள், பிறகு பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர்கள். ஆறே மாதத்தில் ஊர் அவரைப் பியானோ சார் என்றது. எங்கள் இருவர் வீடும் ஒரே தெருவில் நான்கு வீடு தள்ளித்தான். பியானோ சார் வீடு எது என்று கேட்டு வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டிப் போவார்கள். என்னைப் பிள்ளைகள் மியூசிக் சார் என்று கூப்பிட்டார்கள், அதுவும் வகுப்பு நேரத்தில் மட்டும்.

அவருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. நெய்வேலியில் ஒரு மெல்லிசைக் குழுக்காரரிடம் கீபோர்டு பழகியிருக்கிறார், அவ்வளவுதான். எல்லாப் பாட்டும் ஒரே சுருதி. இடது கைக்கு இரண்டே வேலை, ஒன்று நடப்பது, இன்னொன்று ஓடுவது. பியானோவில் எட்டு கிரேடு பரீட்சையும் எழுதித் தேறிய நான் பக்கத்தில் நின்று பார்த்தால் அது வாசிப்பே இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் அந்த இடம் மேடையாகிவிடும். சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. கை காட்டினவர்களுக்கெல்லாம் நிற்கிற பஸ், கடைசியில் கை காட்டாமல் சும்மா தலை சொறிந்தவருக்கும் நிற்கும். டிரைவர், கண்டக்டர், கோழியோடு ஏறின கிழவி, தலை சொறிந்தவர் என்று நான்கு குரலில் பாடுவார். கோழிக்குத் தனியாக வலது கை. இன்னொன்று கப்பு பாட்டு. சூளையிலிருந்து காது கோணலாக வெளியே வந்த ஒரு டீ கப்பு தன் கதையைச் சொல்வது. அதைப் பாடும்போது துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொள்வார்.

“சூளைக்குள்ள போறப்ப நான் சுந்தரியா போனேன்,
மூணா நாளு கதவத் தொறந்தா காது கோணி நின்னேன்.
பொண்ணு பாக்க வந்தவங்க காதத்தானே பாத்தாங்க,
அவங்க மூக்கு நேரா இருக்குதான்னு நானுந்தானே பாத்தேன்.”

சின்னத்தனமான காரியங்கள் செய்தேன். அவர் எழுந்து போனதும் கட்டைகளின் மேல் வெள்ளைக் களிமண் பொடி இருக்கும். அதைப் பிள்ளைகள் பார்க்க, ஈரத்துணி கொண்டு நிதானமாகத் துடைப்பேன். ஒரு சனிக்கிழமை அவர் வருவதற்கு முன்னால் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தேன். உட்கார்ந்ததும் அவருடைய முகவாய் பியானோக் கட்டைகளுக்குச் சரியாக வந்து நின்றது. ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. டீச்சர் மடியில் ஏற முயலும் யூகேஜி பையனாக மாறி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வாசித்து முழுப்பாட்டையும் முடித்தார். அடுத்த வாரம் பிள்ளைகள் அவரிடம், “ஸ்டூல எறக்கிக்கங்க சார்” என்று கேட்டார்கள்.

அந்த வருட ஆண்டு விழாவுக்காக எங்கள் ஊரில் ஓடும் மணிமுத்தாறு பற்றி நானே எழுதி இசையமைத்த பாட்டை நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தேன். நான்கு குரல்களில் பிரிந்து கடைசியில் ஒன்றாகச் சேரும். ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. கைதட்டினார்கள். அடுத்த நாடகத்துக்கு மேக்கப் முடியவில்லை என்று பிரின்சிபால் அவரைப் பத்து நிமிடம் பாடச் சொன்னார். பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. நாடகத்துப் பிள்ளைகளே மீசையோடு வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, “உங்க பாட்டு நல்லா இருந்துச்சுங்க” என்றாள். அவருடைய பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையும்போது அவளையறியாமல் கப்பு பாட்டை முணுமுணுத்தாள். நான் சமையலறைக்குள் போனதும் நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு மாதம் கழித்து பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். அங்கே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சி நடத்துகிற சின்னக் குழுவின் செயலாளர். அவருடைய அக்கா மகள் எங்கள் ஹாஸ்டலில் படித்தாள். ஆண்டு விழாவுக்கு வந்திருந்த அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டாராம். ஆபீஸில் பியானோ சார் என்று கேட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த கிளார்க் ஹாலைக் கைகாட்டிவிட்டார்.

“பியானோ சார் நீங்கதானுங்களா?”

அவர் பின்னால் ஜன்னலில் வெயில் இருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“ஆமாங்க. நான்தான்.”

நேராகப் பார்த்தால் அது பொய் இல்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பியானோ சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு மணி நேரம் பாட வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். மனைவியிடம், என் பாட்டுகளைக் கேட்க ஆசைப்பட்டு அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பாண்டிச்சேரியில் அறுபது பேர் இருந்தார்கள். எல்லாக் கட்டையும் பேசுகிற நல்ல பியானோ. என்னுடைய பாட்டுகள் ஆறு பாடினேன். முகங்களில் ஒரு காத்திருப்பு இருந்தது. இதோ இப்போது ஆரம்பிக்கும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு மெல்லச் சாய்ந்தார்கள். ஆறாவது முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர், “அந்தக் கப்பு பாட்டு இருக்குதாமே” என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், பிடிக்காத ஒருவருடைய பாட்டை அவ்வளவு கவனமாகக் கேட்டவன் வேறு யாரும் இருக்க மாட்டான். பாடினேன். அங்கங்கே சிரித்தார்கள். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு ஹால் சிரிப்பது அதுதான் முதல் முறை. உடம்பெல்லாம் சூடாக இருந்தது. முடிந்ததும் செயலாளர் மைக்கிலேயே கேட்டார், “இது நீங்களே கட்டினதுங்களா சார்?”

“ஆமா” என்றேன்.

யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை அது விருத்தாசலம் வந்து சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து, களிமண் படிந்த பேண்டோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னது மனைவிதான். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. அவர் கையில் போன் இருந்தது. கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பதிலுக்குக் கத்துவதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

“பாத்தேன் சார்” என்றார். “மூணாவது அடி முடிஞ்சதும் நிக்கணும் சார். நீங்க நிக்காம போயிட்டீங்க.”

அவர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் வந்தார்.

“காதத்தானே பாத்தாங்க. அதோட நிக்கணும். அந்தக் கப்புக்கு அழுவ வருது சார். அழுவலாமா வேணாமான்னு யோசிக்குது. அப்புறந்தான் மூக்கப் பாக்குது.” மேஜையில் விரல்களை வைத்து வாசித்துக் காட்டினார். நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் அவர் முகம் என்னவோ ஆனது. அத்தனை சனிக்கிழமை கேட்டும் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர் சிரிப்புக்காக நிறுத்துகிறார் என்றே நினைத்திருந்தேன். “எம் பெரிய பொண்ணு விஷயத்துல கட்டினது சார் அது. மூணு எடத்துலேருந்து வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. அதனால சொல்றேன். பாடறதுன்னா பாடுங்க. நின்னு பாடுங்க.” மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவளிடம் மட்டும், “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பெரிய பெண்ணுக்கு லேசான மாறுகண். தெருவில் தினமும் பார்க்கிற பெண். எனக்கு அந்தப் பாட்டில் அவள் தெரியவே இல்லை. வெட்கப்பட்டேன் என்று எழுதுவது எளிது. வெட்கம் இருந்தது, ஆனால் முதலில் வந்தது அது இல்லை. எனக்கு இப்படி ஒரு பாட்டு கட்ட இந்த ஜென்மத்தில் வராது என்பதுதான் முதலில் வந்தது.

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, “அந்தப் பாண்டிச்சேரிக்காரரு நம்பர் ஒங்ககிட்ட இருக்குதில்ல?” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

மறுநாள் முதல் பீரியடுக்கு முன்னால் செயலாளருக்குப் போன் செய்தேன். கப்பு பாட்டு என்னுடையது இல்லை, ஊர் பியானோ சார் என்று சொல்வதும் என்னை இல்லை என்று சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் இடைமறித்தார்.

“தெரியுங்க சார். எங்க அக்கா அந்த வீடியோவப் பாத்ததுமே சொல்லிட்டாங்க. மொத ஆறு பாட்டு கட்டினவரு ஏழாவதக் கட்டியிருக்க முடியாதுன்னு நாங்களும் அன்னைக்கே பேசிக்கிட்டோம். நீங்களே கூப்புடுவீங்கன்னுதான் சும்மா இருந்தேன்.” அவர் குரலில் குத்தல் இல்லை. “அவரு நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

இப்போது பியானோ சார் பாடுவதற்குக் கடலூர், திருச்சி, சென்னை என்று போகிறார். சனிக்கிழமைகளில் ஹால் எனக்கே எனக்கு. கேட்கிறவர்களிடம், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தவர் என்று பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லும்போது பல் கூசும். அன்று போனில் அந்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்தபோது, கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்ன பெயரும் கெடாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. எட்டு இலக்கம் சொல்லிவிட்டு நின்றேன். “சொல்லுங்க சார், அப்புறம்?” என்றார் செயலாளர். முதல் மணி அடித்தது. மீதி இரண்டையும் சரியாகச் சொன்னேன்.